குசினியில் தொடங்கும் விசாரணை

அந்த வீட்டுக்குள் நான் போனபோது காலை ஒன்பதரை இருக்கும். 1980களின் நடுப்பகுதி. மருதானையில் டீன்ஸ் வீதியை ஒட்டிய ஒரு தோட்டம். தோட்டம் என்றதும் மரம் செடியை நினைக்கவேண்டாம். ஒரு பைப்புக்கும் இரண்டு கக்கூசுக்கும் முப்பது குடும்பம் வரிசையில் நிற்கிற இடத்துக்குக் கொழும்பில் வைத்திருக்கும் பெயர் அது.

பாயில் கிடந்தவளுக்கு முப்பது வயதுகூட இராது. கழுத்தில் அடையாளம் இருந்தது. அதைக் கண்டுபிடிக்கப் பொலிஸ் தேவையில்லை. வாசலில் நின்ற சனம் முழுக்க ஏற்கெனவே கண்டுவிட்டிருந்தது. புருஷன் புறக்கோட்டை மெனிங் சந்தையில் மூட்டை தூக்குகிறவன். "நாலு மணிக்கே எழும்பிப் போயிட்டன் சேர், அவ நல்ல நித்திரை" என்பதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான். நான் புதிதாய் வந்த உப பொலிஸ் பரிசோதகர். களுத்துறைப் பயிற்சிக் கல்லூரியில் படித்தது எல்லாம் மண்டைக்குள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டிருந்தது. பிணத்தின் பக்கத்தில் குந்தியபடி அந்தக் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

என்னோடு வந்த சார்ஜன்ட் மாத்தறைப் பக்கத்து மனுஷன். இருபத்தைந்து வருஷச் சேவை. பிணத்தை ஒரு தரம் பார்த்துவிட்டுப் பலகைத் தட்டிக்கு அந்தப் பக்கம் போனவர், கொஞ்ச நேரத்தில் எட்டிப்பார்த்து, "சேர், குசினியப் பாத்தீங்களா?" என்று சிங்களத்தில் கேட்டார். அவர் சொன்னது குஸ்ஸிய. நாங்கள் சொல்வது குசினி. இரண்டு மொழிக்கும் அந்தச் சொல்லைத் தந்துவிட்டுப் போனவர்கள் போர்த்துக்கேயர்.

அடுப்படியில் இரண்டு கோப்பைகள். ஒன்றில் தேயிலைத் தூள் மட்டும் அடியில் ஒட்டியிருந்தது. மற்றது நிறைந்திருந்தது, மேலே பாலாடை கட்டி. திருவலைப் பலகைக்குப் பக்கத்தில் பாதி திருவிய தேங்காய். தேங்காய்ப்பூவை சார்ஜன்ட் மணந்து பார்த்தார். இன்னும் புளிக்கவில்லை.

"அப்ப இவன் பொய் சொல்றான்" என்றேன். எனக்கு உடம்பெல்லாம் சூடேறிவிட்டது. சார்ஜன்ட் தலையாட்டவில்லை. "இவள் எழும்பி யாருக்கோ தேத்தண்ணி ஊத்தியிருக்கிறாள். வந்தவன் குடிச்சிருக்கிறான், இவள் குடிக்கவில்லை. அவ்வளவுதான் சேர் இந்தக் கோப்பை சொல்லும். யாருக்கு என்று அது சொல்லாது. அதை நாங்கள்தான் தேடவேணும்."

பிறகு தன் சட்டைப்பைக் கொப்பியை எடுத்து நேரத்தைப் போட்டு, இரண்டு கோப்பையும் எங்கே எப்படி இருந்தன என்று சின்னதாய் ஒரு படமும் கீறினார். எனக்கு அது சிறுபிள்ளை விளையாட்டாகப் பட்டது. படமெடுக்கிறவர் வந்துசேர ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆனது. அதற்குள் முன்வீட்டு அம்மா ஒருவர் பின்கதவால் வந்து, இரண்டு கோப்பையையும் சவுக்காரம் போட்டுக் கழுவிக் கவிழ்த்துவிட்டார். நான் கத்தினேன். "செத்த வீட்டில எச்சில் கோப்பை கிடக்கக்கூடாது மகன்" என்றார் அவர், நான்தான் புத்தியில்லாதவன் என்பதுபோல. அந்தக் கோப்பைகளுக்கு மிஞ்சிய ஒரே சாட்சி சார்ஜன்ட் கீறிய படம்தான். அன்றைக்குப் புருஷன் சந்தைக்கு வந்து சேர்ந்தது ஆறு மணிக்குப் பிறகு என்று சொன்ன தேத்தண்ணிக் கடைக்காரரும், அந்தக் கொப்பியும் சேர்ந்துதான் பிறகு வழக்கை நிலைநிறுத்தின.

வீட்டுக்குள் நடக்கும் கொலையைப் பற்றிக் கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: வீடு தன்னைத் தானே கழுவிக்கொள்ளும். தெருவில் குத்துப்பட்டவனின் இரத்தத்தை யாரும் துடைப்பதில்லை. வீட்டில் அப்படியில்லை. தாய் பாயைச் சுருட்டுவாள், அக்கா சீலையை மாற்றுவாள், யாரோ சாம்பிராணி போடுவார்கள், யாரோ நிலத்துக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். கெட்ட எண்ணத்தோடு செய்பவர்கள் சிலர்தான். மற்றவர்கள் செத்தவளின் மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் செய்கிறார்கள். முஸ்லிம் வீடென்றால் அன்றைக்கே அடக்கம் செய்யவேண்டும் என்ற அவசரம், நியாயமான அவசரம், வாசலில் நிற்கும். ஆகவே போனவுடன் எங்கள் முதல் வேலை துப்புத் துலக்குவது அல்ல. வாசலில் ஒரு கான்ஸ்டபிளை நிறுத்தி, அழுகிறவர்களை நோகாமல் வெளியே கொண்டுவருவது. துப்பாக்கிப் பயிற்சியைவிட இது கடினம். எந்தக் கல்லூரியிலும் சொல்லித்தருவதில்லை.

மருதானையில் வேலை செய்தவனுக்கு ஒரு வசதி உண்டு. எல்லாம் நடை தூரம். மாளிகாகந்தை நீதவான் நீதிமன்றம், பெரியாஸ்பத்திரி, பிரான்சிஸ் வீதியில் சட்ட வைத்திய அதிகாரியின் அலுவலகம். சடலத்தை நீதவான் வந்து பார்ப்பார். பிரேத பரிசோதனைக்குக் கட்டளை போடுவார். சந்தேக நபரை 24 மணித்தியாலத்துக்குள் அவர் முன் நிறுத்தவேண்டும். அதோடு, விசாரணையில் கண்டதைச் சொல்லும் 'பி' அறிக்கை போகும். இதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது, விட்டுவிடுகிறேன்.

பிரான்சிஸ் வீதியில் நான் கற்றது நிறைய. தூக்கில் தொங்கியவரின் கயிற்றுத் தடம் பெரும்பாலும் காதுப் பக்கமாக மேலே ஏறும். நெரித்ததென்றால் கழுத்தைச் சுற்றிச் சமமாக ஓடும். கிடந்த பக்கத்தில் இரத்தம் இறங்கி ஊதா நிறம் படியும். மல்லாக்கக் கிடந்தவளின் நெஞ்சுப் பக்கம் அந்த நிறம் இருந்தால் யாரோ பிறகு புரட்டியிருக்கிறார்கள். மண்ணெண்ணெய்ச் சாவுகளில் வைத்தியர் மூச்சுக்குழாயைத்தான் முதலில் பார்ப்பார். உள்ளே கரி படிந்திருந்தால் நெருப்புப் பிடித்தபோது அவள் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். 'குப்பி விளக்கு விழுந்திட்டுது' என்ற வசனத்தை என் சேவையில் எத்தனை தரம் எழுதியிருப்பேன் என்று கணக்கில்லை. அதில் சில உண்மையாகவும் இருந்தன. அதுதான் கஷ்டம்.

ஒரு தகப்பன் ஞாபகம் வருகிறார். கொட்டாஞ்சேனை, ஜிந்துப்பிட்டிப் பக்கம். மகளின் சாவில் சந்தேகம் என்பதால், சடலத்தை எரிக்கக்கூடாது, புதைக்கவேண்டும் என்று கட்டளை. பிறகு தோண்டிப் பார்க்கவேண்டி வந்தால் சாம்பலிடம் கேள்வி கேட்க முடியாது. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, நீங்களும் சைவம்தானே, என்ர பிள்ளையை மண்ணுக்குள்ள போடச் சொல்லுறியளோ?" என்று கேட்டார். சட்டத்தை விளக்கினேன். சட்டம் அவருக்கு விளங்கியது. கனத்தை மயானத்தில் குழிக்குப் பக்கத்தில் நின்றபோதும் என் கையை விடவில்லை.

பயிற்சிக் காலத்தில் எங்களுக்குச் சொல்லப்பட்ட வழக்கு ஒன்று உண்டு. கொழும்பில் அந்தத் தலைமுறைக்குத் தெரியாத ஆளில்லை: சதாசிவம் வழக்கு. மகாதேவ சதாசிவம் இலங்கைக் கிரிக்கெட் அணியின் தலைவராக இருந்தவர், சென்னை சேப்பாக்கத்தில் 1947இல் 215 ஓட்டம் அடித்தவர். 1951 ஒக்டோபர் 9ஆம் திகதி, பம்பலப்பிட்டி சென்ட் அல்பன்ஸ் பிளேசில் இருந்த வீட்டின் கராஜில் அவருடைய மனைவி இறந்து கிடந்தார். கழுத்து நெரிக்கப்பட்டிருந்தது. விவாகரத்து வழக்கு நடந்துகொண்டிருந்தது. புருஷனுக்கு வேறு ஒரு பெண்ணோடு தொடர்பு. பொலிசுக்கு இதைவிட என்ன வேண்டும்? வீட்டு வேலைக்கு வந்து சில நாளே ஆன வில்லியம் என்ற பையன் காணாமல் போய்ப் பிடிபட்டான். ஐயா மேல்மாடி அறையில் கொன்றார், நான் உதவினேன் என்றான். நிபந்தனையோடு மன்னிப்புக் கொடுத்து அவனை அரச தரப்புச் சாட்சியாக்கினார்கள்.

சதாசிவம் அன்று காலை 10.30 அளவில் டாக்ஸியில் வீட்டைவிட்டுப் போனார். ஆகவே முழு வழக்கும் ஒரு கேள்வியில் வந்து நின்றது: அவள் இறந்தது அதற்கு முன்னா, பின்னா? அந்த நேரத்தைக் கணித்த சட்ட மருத்துவப் பேராசிரியர் ஜி. எஸ். டபிள்யூ. டி சேரம், உடல் வெப்பம் எப்படி இறங்குகிறது என்பதைப் பார்க்க, தூக்கிலிடப்பட்ட கைதிகளின் உடல்களில் அளவெடுத்தவர். வெயில் நாட்டு உடலுக்குக் குளிர் நாட்டுக் கணக்கு சரிவராது என்று அளந்தே காட்டிய மனுஷன். எதிரிக்காக வாதாடியவர் கொல்வின் ஆர். டி சில்வா. அந்தத் தரப்பு எடின்பரோவிலிருந்து சட்ட மருத்துவ நிபுணர் சேர் சிட்னி ஸ்மித்தைக் கூப்பிட்டது. அவர் கவனித்தவற்றில் ஒன்று என்னை இன்றைக்கும் விடுவதில்லை. இறந்தவளின் உள்ளங்கால் அழுக்காக இருந்தது. மேல்மாடிப் படுக்கையறையில் செத்தவளின் கால் அப்படி இருக்காது; அது குசினித் தரையில் வெறுங்காலோடு நின்றவளின் கால். வில்லியத்தின் உடம்பில் நகக்கீறல்களும் இருந்தன. 57 நாள் நடந்த விசாரணையின் முடிவில், 1953 ஜூன் 25ஆம் திகதி, ஜூரிகள் சதாசிவத்தை விடுதலை செய்தார்கள். அதுவரை 20 மாதம் அவர் மறியலில் இருந்தார்.

எங்களுக்கு இந்த வழக்கைச் சொல்லித்தந்தவர் அதை வைத்திய சாட்சியத்துக்கு உதாரணமாகச் சொன்னார். நான் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டேன். வீட்டுக் கொலையில் யார் செய்தது என்பது பொலிசுக்கு முதல் மணித்தியாலத்திலேயே 'தெரிந்துவிடும்'. புருஷன்தான். பத்தில் எத்தனை தரம் அது சரி என்று நான் எண்ணிப் பார்த்ததில்லை, ஆனால் சரியாய் வந்த தடவைகள்தான் எங்களைக் கெடுத்தன. தெரிந்துவிட்டது என்று நினைத்தவுடன் கண் தேடுவதை நிறுத்திவிடும். உள்ளங்கால் கண்ணில் படாது. அந்த உள்ளங்காலைப் பற்றி வாசித்த பிறகு நான், எந்த வீட்டுக்குப் போனாலும் இறந்தவரின் பாதத்தைத் திருப்பிப் பார்க்காமல் வந்ததில்லை. சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

இதற்கு நேரெதிர் வழக்கும் எங்கள் பக்கத்திலேயே நடந்தது. கின்சி வீதி, சென்ட் போல்ஸ் தேவாலயம். மருதானையிலிருந்து நடந்தே போகலாம். அங்கே வணபிதா மெத்தியூ பீரிஸ் குரு. பேய் ஓட்டும் வழிபாட்டால் பேர்போனவர், தூர இடங்களிலிருந்தெல்லாம் சனம் வரும். குருமனையில் வந்து தங்கியிருந்த ரசல் இங்கிராம் 1978 ஓகஸ்டில் இறந்தார். அடுத்த வருஷம் மார்ச்சில் குருவின் மனைவி யூனிஸ் இறந்தார். இருவரும் மயங்கி விழுந்து பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப்பட்டவர்கள். இரண்டு பேருக்கும் இரத்தத்தில் சர்க்கரை காரணமில்லாமல் பாதாளத்துக்கு இறங்கியிருந்தது. குத்து இல்லை, கயிறு இல்லை, உடைந்த கோப்பை இல்லை. சர்க்கரை நோய்க்குக் கொடுக்கிற மாத்திரையை, அந்த நோய் இல்லாதவர்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள் என்பதே வழக்கு. விசாரணை நடந்த 1983, 84 காலத்தில் நான் சின்ன உத்தியோகத்தன். 83 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு கொழும்பில் ஒரு தமிழ்ப் பொலிஸ்காரனுக்கு வேறு கவலைகளும் இருந்தன. ஆனாலும் நாங்கள் எல்லாரும் பத்திரிகையை வரி விடாமல் வாசித்தோம். கண்ணால் கண்ட சாட்சி ஒன்றுகூட இல்லாமல், சூழ்நிலைச் சான்றுகளைக் கோர்த்தே 1984இல் குருவைக் குற்றவாளியாகக் கண்டார்கள். இங்கிராமின் மனைவியும் அவரோடு தண்டிக்கப்பட்டு, மேன்முறையீட்டில் விடுதலையானார்.

அங்கே விசாரணையின் குசினி எது என்று கேட்டால், ஆஸ்பத்திரிக் கட்டில் தலைமாட்டில் தொங்கும் அந்த அட்டைதான். தாதிமார் இரவு இரண்டு மணிக்கு எழுதிவைத்த சர்க்கரை அளவுகள். யாருக்கும் சந்தேகம் வராத நேரத்தில், யாரையும் பிடிக்கவேண்டும் என்ற எண்ணமில்லாமல் எழுதப்பட்ட இலக்கங்கள். அதற்குப் பிறகு வார்டில் இறந்தவர்களின் வழக்குகளில், நான் உறவினரின் வாக்குமூலத்துக்கு முன் அட்டையின் பிரதியைக் கேட்கப் பழகினேன்.

என்னுடைய பிழை ஒன்றையும் சொல்லவேண்டும். 1990களின் தொடக்கம், வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் வாடகை வீடு. மட்டக்களப்பிலிருந்து வந்து தங்கியிருந்த குடும்பம். பெண்ணுக்கு உடம்பெல்லாம் எரிகாயம். வார்டில் நினைவோடு இருந்தாள். மரண வாக்குமூலம் என்று வந்துவிட்டால் ஒவ்வொரு சொல்லும் எடை கூடியது. பேசக்கூடிய நிலையில் இருக்கிறாள் என்று வைத்தியர் எழுதித்தரவேண்டும், அவள் சொன்னபடியே பதியவேண்டும். எழுதியது சிங்களத்தில். மொழிபெயர்க்கத் தமிழ் தெரிந்த ஆள் என்று என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். "ஆர் செய்தது?" என்று கேட்டேன். "மச்சான்" என்றாள்.

நான் யாழ்ப்பாணத்தான். எனக்கு மச்சான் என்றால் தமக்கையின் புருஷன், இல்லாவிட்டால் மாமன் மகன். 'மஸ்ஸினா' என்று சிங்களத்தில் சொன்னேன். எழுதினார்கள். அன்று பின்னேரமே அவளுடைய அக்கா புருஷனைக் கொண்டுவந்து விளக்கமறியலில் போட்டார்கள். அந்த மனுஷன் சத்தியம் செய்தான், நெற்றியைச் சுவரில் அடித்தான். எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள் என்று நாங்கள் இருந்தோம். பதினோராம் நாள், சாட்சி சொல்ல வந்த அவளின் தாய், பேச்சோடு பேச்சாகத் தன் செத்துப்போன புருஷனைப் பற்றிச் சொன்னார்: "எங்கட மச்சான் இருந்திருந்தா இப்பிடி வந்திருக்காது." எனக்குக் கால் விறைத்துப் போயிற்று. கிழக்கில் பெண்கள் கட்டின புருஷனை மச்சான் என்றுதான் கூப்பிடுவார்கள். நான் கேட்டிருக்கவேண்டிய ஒரே கேள்வி: "எந்த மச்சான், தங்கச்சி?" கேட்க நேரம் இருந்தது. வாக்குமூலம் கொடுத்த பிறகு அவள் இரண்டு நாள் உயிரோடு இருந்தாள்.

சிங்களம் தெரியாத தமிழ்ப் பெண்களின் வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்பட்டு, வாசித்துக் காட்டப்பட்டு, கையெழுத்து வாங்கப்பட்டதை நாலு தசாப்தம் பார்த்தவன் நான். அரசியலில் இதைப் பற்றிப் பேச நிறையப் பேர் இருக்கிறார்கள். என் வேலையில் அது இப்படித்தான் வந்தது, ஒரு சொல்லாக.

பழைய காலத்தைப் புகழ நான் வரவில்லை. அறையில் பூட்டிவைத்து அடித்து ஒப்புக்கொள்ள வைப்பதுதான் விசாரணை என்று நினைத்த அதிகாரிகளோடு வேலை செய்திருக்கிறேன். அதில் வேடிக்கை, பொலிஸ் அதிகாரியிடம் கொடுத்த குற்ற ஒப்புதல் நீதிமன்றத்தில் செல்லாது என்று 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டமே, 25ஆம் பிரிவில், எழுதிவைத்திருக்கிறது. அவன் சொன்னதை வைத்து ஒரு பொருளைக் கண்டெடுத்தால் மட்டும், அந்தப் பொருளோடு ஒட்டிய வசனம் 27ஆம் பிரிவின் கீழ் உள்ளே வரும். அதனால்தான் எங்கள் வழக்குகளில் எல்லாக் கத்தியும் எதிரி காட்டித்தந்த பற்றைக்குள்ளிருந்தே வரும். சட்டத்தரணிமார் சிரிப்பதில் நியாயமிருக்கிறது.

கத்தி எங்கே கிடைத்தது என்பதைவிட, எங்கிருந்து வந்தது என்பதுதான் வீட்டுக் கொலையில் பெரிய விஷயம். காய் வெட்டிய கத்தி கைக்குப் பக்கத்தில் கிடந்து எடுத்தானா, காலையில் கடையில் வாங்கி வந்தானா? திடீர்க் கோபமூட்டல் என்ற வாதம் நின்றால் கொலை, கொலையாகாத மனிதப் படுகொலையாக இறங்கும், தண்டனை வேறு. வெட்டுப் பலகையில் பாதி அரிந்த வெங்காயம் இருந்தால் அதை எழுதவேண்டும். எதிரிக்கு உதவினாலும் எழுதவேண்டும். இதை நான் இளம் உத்தியோகத்தருக்குச் சொன்னபோது சிலருக்குப் பிடிக்கவில்லை.

கடைசிப் பத்துப் பதினைந்து வருஷத்தில் வேலை மாறிவிட்டது. குற்றத்தலப் பரிசோதனைக்காரர், 'சொகோ' என்போம், வெள்ளை உறை போட்டுக்கொண்டு வருகிறார்கள். வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் லிப்டுக்குள் கெமரா. தொலைபேசி எந்தக் கோபுரத்தோடு எத்தனை மணிக்குப் பேசியது என்ற பட்டியல் வருகிறது. மெனிங் சந்தைத் தேத்தண்ணிக் கடைக்காரரை நான் மூன்று நாள் தேடினேன். இன்றைக்கு அதை ஒரு கடதாசி சொல்லிவிடும். நல்லதுதான். ஆனால் இப்போதைய பொடியன்கள் தொலைபேசியைத்தான் முதலில் எடுக்கிறார்கள், அது எங்கும் ஓடாது. அதற்குள் யாரோ கோப்பையைக் கழுவிவிடுகிறார்கள்.

மாறாத ஒன்று உண்டு. பெண் இறந்த வழக்கில், நிலையத்தின் பழைய முறைப்பாட்டுப் புத்தகங்களைப் புரட்டினால், பல தடவை அவளின் பெயர் அங்கே இருக்கும். ஒரு தரம், சிலவேளை மூன்று தரம். ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரே மாதிரி வசனம்.

2005இல் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் வந்தது. 34ஆம் இலக்கம். பாதிக்கப்பட்டவருக்காகப் பொலிஸ் உத்தியோகத்தரே நீதவானிடம் போய்ப் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். அது எனக்குத் தெரியும். வகுப்புக்குப் போய்ப் படித்து, மற்றவர்களுக்குப் படிப்பித்தும் இருக்கிறேன். அதற்கு மூன்று வருஷத்துக்குப் பிறகு ஒரு பின்னேரம், நிலையத்தின் பெயர் வேண்டாம், ஒரு பெண் கன்னம் வீங்கி வந்தாள். தமிழில் பேச ஆள் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு வந்தவள். புருஷனையும் கூப்பிட்டேன். கைகட்டி நின்றான். குடிக்கமாட்டேன் என்றான். "பிள்ளையளை யோசிச்சுப் பார் தங்கச்சி" என்றேன். அவளும் யோசித்தாள். எழுதி, இருவரிடமும் கையெழுத்து வாங்கி அனுப்பினேன். வேலை முடிந்து நேரத்தோடு வீட்டுக்குப் போனதும் ஞாபகம்.

ஐந்து மாதத்துக்குப் பிறகு அவள் வீட்டுக் குசினியில் நான் நின்றேன். பாதத்தைத் திருப்பிப் பார்த்தேன், அடுப்பைப் பார்த்தேன், எல்லாவற்றையும் நேரம் போட்டு எழுதினேன். நல்ல விசாரணை என்று பிறகு பாராட்டினார்கள்.

வழக்கு புதுக்கடை மேல் நீதிமன்றத்துக்கு வர ஏழு வருஷமாயிற்று. எதிரியின் சட்டத்தரணி என் குறிப்புகளை ஒன்றும் செய்யவில்லை. முறைப்பாட்டுப் புத்தகத்தின் சான்றுப்படுத்திய பிரதி ஒன்றை எடுத்து, இவர்கள் ஒற்றுமையாக வாழ்ந்த தம்பதி என்பதற்கு இது ஆதாரம் என்று சொல்லிக் கடைசி வசனத்தைச் சத்தமாக வாசித்தார். 'இரு தரப்பினரும் சமாதானமாகச் செல்ல இணங்கினர்.'

"இது உங்கள் கையெழுத்துத்தானே?" என்று கேட்டார்.

ஓம் என்றேன்.